வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தின் பேரிடர் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். வேதாரண்யம் வட்டத்தில் இருக்கும் உங்கள் ஊராட்சிக்கு இயற்கைப் பேரிடர் ஆபத்து எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடச் சொல்லி ஒரு தொண்டு நிறுவனம் படிவம் அனுப்பியிருக்கிறது, அதை எப்படி நிரப்புவது? ஆனால் கூடவே எழுதியிருக்கும் இரண்டு வரிகளில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது. 2050-க்குள் உங்கள் ஊர் கடலுக்குள் போய்விடும் என்று ஒரு இணைய வரைபடம் காட்டுகிறது, நம்பலாமா என்கிறீர்கள். ஊர் இளைஞர்கள் திரட்டக்கூடிய கொஞ்சப் பணத்தை எதில் போடலாம் என்றும் கேட்கிறீர்கள். அதாவது, எதற்குப் பயப்படணும், எதற்கு இப்போதைக்கு வேண்டாம், கையில் இருப்பதை வைத்து முதலில் எதைச் செய்வது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். படிவத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் படித்தது சிவில். வேலை பார்த்ததெல்லாம் காவிரி டெல்டாவின் வடிகால்களிலும், சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களின் ஆபத்து மதிப்பீட்டிலும்தான். கட்டட வலிமைக் கணக்கு, நிலநடுக்கம் இரண்டும் என் துறை இல்லை. அந்தப் பக்கம் வரும்போது அதற்கான ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் அடிப்படை ஒன்று உண்டு. ஆபத்து என்பது மூன்று விஷயங்கள் சேர்ந்தது: என்ன வரும், எவ்வளவு அடிக்கடி வரும் என்பது ஒன்று, அது வரும் பாதையில் யார், எது இருக்கிறது என்பது இரண்டாவது, இருப்பது அடியைத் தாங்குமா என்பது மூன்றாவது. முதலாவதை உங்களால் மாற்ற முடியாது, அதைத் துல்லியமாகச் சொல்லவும் யாராலும் முடியாது. ஆனால் பெரும்பாலான அறிக்கைகள் முக்கால்வாசிப் பக்கத்தை அதற்குத்தான் செலவழிக்கின்றன. மற்ற இரண்டையும் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து யாரும் எழுத முடியாது. உங்கள் ஊர்க்காரர்களால் மட்டும்தான் முடியும்.

புயலில் தொடங்குவோம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவிலான கரையைக் கடுமையாக அடித்த புயல்கள் என்று 1950-க்குப் பிறகு மூன்றைத் தயங்காமல் சொல்லலாம்: 1952 நவம்பர் கடைசியில் வந்தது, 1977 நவம்பர் 12 விடியற்காலையில் வந்தது, 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்கு மேல் வந்த கஜா. இதைத் தவிர 1955-ல் தெற்கே ராஜாமடம் பக்கம் ஒன்று, 1993-லும் 2008-லும் வடக்கே காரைக்காலை ஒட்டி ஒவ்வொன்று. மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் எழுபத்து சொச்சம் ஆண்டில் மூன்று, ஆகவே 25 ஆண்டுக்கு ஒரு முறை என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். கணக்கு சரி, ஆனால் மூன்றே நிகழ்வை வைத்து இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. புள்ளியியல் முறைப்படி பார்த்தால் புயல் வரும் உண்மையான வீதம் பத்தாண்டுக்கு ஒன்று என்பதிலிருந்து நூறாண்டுக்கு ஒன்று என்பது வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அவ்வளவு பெரிய இடைவெளி.

அப்படியானால் இந்தக் கணக்கால் என்ன பிரயோசனம் என்று தோன்றும். இருக்கிறது. நூறாண்டுக்கு ஒன்று என்ற மிகக் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு சதவீத வாய்ப்பு. ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய ஒரு வீடு தன் ஆயுளில் அப்படி ஒரு புயலைப் பார்க்க ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 25 ஆண்டுக்கு ஒன்று என்றால் அது 87 சதவீதம். எந்த எண்ணை எடுத்தாலும் முடிவு ஒன்றுதான்: உங்கள் ஊரில் கட்டப்படும் எந்தக் கூரையும் புயலைப் பார்க்கும் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். எண் துல்லியமாகத் தெரியாததால் முடிவு மாறவில்லை. ஒவ்வொரு ஆபத்துக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். எண் மாறினால் செய்ய வேண்டிய வேலையும் மாறுமா? மாறாது என்றால் அந்த எண்ணுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். "நூறாண்டு வெள்ளம்" (ஆண்டுக்கு ஒரு சதவீத வாய்ப்புள்ள வெள்ளம்) என்பதை ஒரு முறை வந்துவிட்டால் இனி நூறு வருடம் வராது என்று படித்தவர்களே புரிந்துகொள்கிறார்கள். கிராம சபையில் பேசும்போது அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள்.

கஜாவின் காற்று மணிக்கு சுமார் 130 கி.மீ., திடீர் வீச்சில் 145 என்றது வானிலைத் துறை. அது நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், காரைக்கால் போன்ற இடங்களின் பதிவுகளையும் ரேடாரையும் செயற்கைக்கோளையும் வைத்துச் சொன்னது. உங்கள் ஊரில் எவ்வளவு அடித்தது என்பதற்குக் கருவிப் பதிவு இருக்காது. "எங்க ஊர்ல 160 அடிச்சுது" என்று யாராவது சொன்னால் அதை எழுத வேண்டாம். எத்தனை மரம் எந்தத் திசையில் விழுந்தது, எந்த வீட்டு ஓடு எந்தப் பக்கம் பறந்தது என்று எழுதுங்கள், அது சாட்சியம். காற்றின் வேகம் 20 சதவீதம் கூடினால் அது சுவரில் தரும் அழுத்தம் 44 சதவீதம் கூடும், வர்க்கக் கணக்கு. அதனால்தான் கஜாவைத் தாங்கிய வீடு அடுத்ததையும் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

உயிர்ச்சேதத்தைப் பார்த்தால் வேறு கதை. 1952-ல் சுமார் 400 பேர், 1977-ல் 560 பேர் இறந்ததாகப் பதிவு. கஜாவில் பல மாவட்டங்களையும் சேர்த்தே அது நூறைத் தொடவில்லை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் பெரிய காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பொருள் நஷ்டத்தில் கஜா ஒரு தலைமுறையையே கீழே தள்ளியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நெட்டை ரகத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். தோப்பு போன குடும்பத்துக்கு அது ஆறேழு வருட வருமானம். ஆக, உயிரைப் பறிப்பதையும் பிழைப்பைப் பறிப்பதையும் ஒரே தராசில் போட்டு ஒரு மதிப்பெண் கொடுத்தால் இரண்டுமே மறைந்துவிடும்.

இனி கடல். புயலின்போது கடல்மட்டம் உயர்வதற்குக் காற்றழுத்தக் குறைவும் ஒரு காரணம். அழுத்தம் ஒரு ஹெக்டாபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரும். கஜா அளவிலான புயலுக்கு இது ஒரு அடி வரும், அவ்வளவுதான். மீதி எல்லாம் காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர். இங்கேதான் உங்கள் வட்டத்தின் அமைப்பு விசித்திரமானது. கோடியக்கரையில் கரை மடங்குகிறது. அதற்கு வடக்கே இருக்கும் புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், ஆறுகாட்டுத்துறை பக்கமெல்லாம் கிழக்கு பார்த்த கரை. மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அதிராம்பட்டினம் என்று போகும் கரை பாக் நீரிணையைப் பார்த்த தெற்குக் கரை. நம் பக்கம் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் புயலின் மையம் உங்களுக்குத் தெற்கே கரை கடந்தால் கிழக்குக் கரைக்கு ஆபத்து, கடல் நேராக உள்ளே தள்ளப்படும். மையம் வடக்கே கடந்தால் கிழக்குக் கரையில் கடல் உள்வாங்கக்கூட செய்யலாம், ஆனால் மையம் நகர்ந்த பிறகு தெற்கிலிருந்து காற்று திரும்பி ஆழமில்லாத பாக் நீரிணைத் தண்ணீரைத் தெற்குக் கரைமேல் ஏற்றும். "புயல் நாகைக்கு வடக்கே போயிடுச்சு, நமக்கு ஒண்ணுமில்ல" என்று தெற்குக் கரைக்காரர் ஒருவர் முகாமைவிட்டு வீட்டுக்குத் திரும்பும் நேரம்தான் மோசமான நேரமாக இருக்கலாம். உங்கள் ஊர் எந்தக் கரையைச் சேர்ந்தது என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சுனாமியைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் இறந்த சுமார் 8,000 பேரில் ஆறாயிரத்துக்கு மேல் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில். சுமத்ராவில் நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் அலை இங்கே வந்தது. அந்த நேரத்தை யாரும் பயன்படுத்த முடியவில்லை, ஏனென்றால் எச்சரிக்கை சொல்வதற்கு ஒரு அமைப்பே இல்லை. 2007-லிருந்து ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எவ்வளவு அடிக்கடி வரும் என்பதற்குத் தாய்லாந்துக் கடலோர மணல் படிவுகள் சொல்லும் பதில், அந்த அளவிலானது பல நூறு ஆண்டுக்கு ஒன்று. சின்னவை அதைவிட அடிக்கடி வந்திருக்கின்றன. 1881-ல் கார் நிக்கோபார் நிலநடுக்கத்தால் எழுந்த அலை நாகப்பட்டினத்தின் அலைப்பதிவுக் கருவியிலேயே சுமார் ஒரு மீட்டராகப் பதிவாகியிருக்கிறது. ஆக அபூர்வமானது, ஆனால் வந்தால் உயிரை எடுப்பது. இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. இரவில் ஒலிபெருக்கி யார் கையில், எந்த வழியாக எந்த மேட்டுக்கு ஓடுவது, இரண்டும் குழந்தைக்கும் தெரிந்திருந்தால் போதும்.

சவுக்குத் தோப்பு காப்பாற்றுமா? நாலுவேதபதியில் 2002-ல் ஊரே சேர்ந்து நட்ட மரங்கள் சுனாமியின் வேகத்தைக் குறைத்தன என்பது உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பரங்கிப்பேட்டை பக்கம் 18 கடலோரக் குப்பங்களை வைத்து 2005-ல் வந்த ஆய்வும் காடு இருந்த இடத்தில் சேதம் குறைவு என்றது. அடுத்த ஆண்டே வேறு சிலர் அதே தரவை மறுபடி அலசி, மரத்தைவிட ஊர் எவ்வளவு மேட்டில், கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது என்று காட்டினார்கள். இந்த விவாதம் முழுசாகத் தீரவில்லை. என் கருத்து: தோப்பு மணலைப் பிடிக்கும், சின்ன அலையை அடக்கும், காற்றைக் கொஞ்சம் தணிக்கும், விறகுக்கும் ஆகும். அதனால் நடுங்கள். ஆனால் தோப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் தாழ்வில் வீடு கட்ட அனுமதிக்காதீர்கள்.

இப்போது, வருடா வருடம் உங்களைப் படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்: தண்ணீர் வடியாமல் நிற்பது. மேட்டூர் நிரம்பினால் டெல்டா மூழ்கும் என்று டிவியில் ஓடும். உபரியில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் இறங்கிப் போய்விடுகிறது. உங்கள் பக்கம் காவிரிக் கிளையான வெண்ணாற்றின் கடைமடை. அங்கே நாசம் செய்வது வடகிழக்குப் பருவத்தில் ஊர்மேலேயே கொட்டும் மழையும், அது கடலுக்குப் போக வழியில்லாததும்தான். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 66 செ.மீ. பெய்தது. அவ்வளவு மழை மேல்மடையில் பெய்தால் அது அடப்பாறு, அரிச்சந்திரா நதி, முள்ளியாறு வழியாக உங்கள் வாசலுக்குத்தான் வரும். வந்த தண்ணீர் கடலில் விழ மட்ட வித்தியாசம் வேண்டும். வயலுக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் அது ஒரு மீட்டர்கூட இல்லை. புயல் நேரத்தில் கடல் அரை மீட்டர் ஏறினாலே மதகைத் திறந்து பயனில்லை, கடல்தண்ணீர்தான் உள்ளே ஏறும். இதோடு முகத்துவாரத்தில் மணல், வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. வெண்ணாற்று உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வேதாரண்யம் கால்வாய் உட்பட ஆறு நீர்வழிகளைச் சீரமைத்திருக்கிறார்கள். ஆனால் பெரிய ஆற்றைத் தூர்வாரி, அதில் சேரும் உங்கள் ஊர்க் கன்னி வாய்க்காலை (சின்னக் கிளை வாய்க்காலை) விட்டுவிட்டால் தண்ணீர் வயலிலேயே நிற்கும். அந்தக் கடைசி அரை கிலோமீட்டரை யாரும் வரைபடத்தில் பார்ப்பதில்லை.

இங்கேதான் அந்த 2050 வரைபடமும் வருகிறது. இப்படிப்பட்ட வரைபடங்களுக்கு நிலத்தின் உயரத்தை விண்வெளியிலிருந்து அளந்த தரவுதான் அடிப்படை. இலவசமாகக் கிடைப்பவற்றில் பலரும் எடுப்பது 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த தரவு. அதில் சில மீட்டர் பிழை சகஜம். மலைநாட்டுக்கு அது பரவாயில்லை. மொத்த நிலமும் கடலுக்கு மேல் ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள் இருக்கும் உங்கள் வட்டத்துக்கு அது பயன்படாது. அதிலும் அந்த ரேடார் மரத்தலையைத் தரை என்று நினைத்துக்கொள்ளும். தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் குன்றுபோலத் தெரியும், உப்பளமும் வெட்டவெளியும் பள்ளமாகத் தெரியும். பிற்காலத்தில் இதைத் திருத்திய தரவுகள் வந்திருக்கின்றன, மேலானவை, ஆனால் அவற்றிலும் அரை மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடையாது. உங்களுக்கோ அரை மீட்டர்தான் முழுக் கதையும். இன்னொன்று, அந்த வகை வரைபடம் வழக்கமாகச் சாயம் பூசிக் காட்டுவது ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடிய உயர்ந்த கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலத்தை. கரையும் மணல்மேடும் மதகும் கணக்கில் இல்லை. நிரந்தரமாக மூழ்கும் நிலம் என்று அதைப் படிக்கக் கூடாது.

கடல் உயர்வதே பொய்யா என்றால், இல்லை, அது உறுதியான விஷயம். 2050 வாக்கில் உலக சராசரி 15 முதல் 29 செ.மீ. வரை உயரும் என்பது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் ஆறாவது அறிக்கை தரும் வரம்பு (1995–2014 சராசரியோடு ஒப்பிட்டு). நாகைக் கடலில் ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குக் குறைவு. அதில் 20 செ.மீ. கூடினால் உங்கள் ஊர் மூழ்காது. ஆனால் மதகு திறந்து தண்ணீரை விடக்கூடிய மணி நேரம் ஒவ்வொரு நாளும் குறையும், சம்பா வயலில் நிற்கும் தண்ணீர் ஒரு நாள் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும், மணல்மேட்டுக் கிணறுகளில் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும் நல்ல தண்ணீர் அடுக்கு மெல்லியதாகும். புயல்களைப் பொறுத்தவரை, வரும் காலத்தில் கடும்புயல்களின் வேகமும் மழையும் கூடும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. வங்கக் கடலில் எண்ணிக்கை கூடுமா என்பதற்கு அப்படி ஆதாரம் இல்லை. யாராவது இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்.

ஆகவே உங்கள் பணத்தில் முதல் செலவாக நான் சொல்வது, ஒரு சர்வேயரை ஆட்டோ லெவல் கருவியோடு (இடங்களின் உயர வித்தியாசத்தை அளப்பது) ஒரு நாள் கூலிக்கு அமர்த்துவது. கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்பது முக்கியமில்லை. ஊருக்குள் எது எதைவிடத் தாழ்வு என்பதுதான் வேண்டும். பள்ளிக்கூட வாசற்படியையோ கோயில் படியையோ பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு மற்றதை அளக்கச் சொல்லுங்கள்: புயல் பாதுகாப்பு மையத்தின் தரை, மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் அறை, டிரான்ஸ்பார்மர் மேடை, ரேஷன் கடைத் தரை, ஒவ்வொரு தெருவிலும் ஆகத் தாழ்ந்த வீட்டு வாசல், சாலையின் ஆகத் தாழ்ந்த இடம், வாய்க்காலின் அடிமட்டம், மதகின் அடிக்கல். உங்கள் பக்கத்துக் கிராமங்கள் பழைய கடற்கரை மணல்வரம்புகளின் மேல் நீளவாக்கில் அமைந்தவை. வரம்பின் மேல் சாலை, தோப்பு, மல்லிகைத் தோட்டம், பழைய குடிகள். இரண்டு வரம்புக்கு நடுப் பள்ளத்தில் வயலும், பெரும்பாலும் பிற்பாடு வந்தவர்களின் காலனியும். மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. அந்த வித்தியாசத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் காகிதத்தில் பார்க்கும்போது அறிக்கையின் பாதி தானாக எழுதப்பட்டிருக்கும்.

அந்த மட்டங்களோடு பழைய தண்ணீர்க் குறிகளைச் சேருங்கள். பெரியவர்களிடம் "எவ்வளவு தண்ணி வந்துச்சு" என்று கேட்டால் கையை இடுப்பு வரை காட்டுவார்கள். "எத்தனாவது படி நனைஞ்சுது, அடுப்பு எங்க வெச்சு எரிச்சீங்க, மாட்டை எங்க கட்டினீங்க" என்று கேளுங்கள். அடுப்பை எங்கே தூக்கி வைத்தோம் என்பது ஒரு ஆச்சிக்கு நாற்பது வருடம் கழித்தும் நினைவிருக்கும். வருடத்தை மட்டும் நம்பாதீர்கள்; 52-ஐயும் 55-ஐயும் குழப்புவார்கள். யார் கல்யாணம், யார் பிறந்த வருடம் என்று ஒட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வெளியிலிருந்து சரிபார்க்க ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, 2014-க்குப் பிந்திய வெள்ளங்களில் தண்ணீர் நின்ற இடங்களை மேகத்தை மீறிக் காட்டும்.

பயிருக்கு யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு ஆவணம் உண்டு. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமம்தான் அலகு. அதற்காகப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து மகசூல் எழுதுகிறார்கள். வேளாண்மைத் துறையில் உங்கள் கிராமத்தின் வருடவாரி மகசூலைக் கேட்டு வாங்குங்கள். எந்த வருடம் வெள்ளத்தில் போனது, எந்த வருடம் காய்ந்தது என்று அதிலேயே தெரியும். வறட்சியைச் சின்னதாக நினைக்காதீர்கள். 2016 வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவிக்க நேர்ந்தது. கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேராத வருடங்களைச் சேர்த்தால், உங்கள் ஊர் விவசாயி புயலைவிட வறட்சியில்தான் அதிக முறை அடிபட்டிருப்பார் என்று நினைக்கிறேன். மகசூல் பட்டியல் வந்தால் நான் சொல்வது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இடி மின்னலில் ஒற்றை ஒற்றையாக உயிர் போகிறது, செய்தியில் ஒரு பத்தியோடு சரி. வயலிலும் உப்பளத்திலும் வேலை பார்ப்பவர்கள் போனில் மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலி இருக்கட்டும். நிலநடுக்கம் உங்கள் பட்டியலில் கடைசி. மழைக்கால இரவில் இடியும் மண்சுவருக்கு அதைவிட மேலே இடம் கொடுங்கள்.

யார் இருக்கிறார்கள் என்ற கணக்கெடுப்புக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கை எடுத்துவிடாதீர்கள், அது பழையது. தெருத்தெருவாகப் போய் கூரை வீடு, ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ், மாடி வீடு என்று எண்ணுங்கள். இரவில் தானாக நடந்து முகாமுக்கு வர முடியாதவர்கள் யார் என்று எழுதுங்கள். பட்டியலில் வராத ஆட்களும் உண்டு. அக்டோபரிலிருந்து கோடியக்கரையில் வெளியூர் மீனவக் குடும்பங்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வது வழக்கம், சரியாகப் புயல் பருவத்தில். எந்த ஊர்ப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கும்? உப்பளத்தில் தங்கி வேலை செய்பவர்களும் அப்படியே. சதுப்புக்கு நடுவே இருப்பவருக்கு ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாது.

அப்புறம், ஒன்று விழுந்தால் எதெல்லாம் கூடவே விழும் என்று பாருங்கள். கஜாவில் தண்ணீர்த் தொட்டிகள் பெரும்பாலும் நின்றன, ஆனால் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடவில்லை. ஊர் ஊராக வேனில் ஜெனரேட்டரை ஏற்றிவந்து மணிக்கணக்கில் வாடகை கொடுத்துத் தொட்டி நிரப்பினார்கள். போனுக்குச் சார்ஜ் போடக்கூடக் காசு கொடுத்தார்கள். உங்கள் ஊரில் கைப்பம்பு எத்தனை இயங்குகிறது என்று இன்றைக்கே போய் அடித்துப் பாருங்கள்.

ஆக, பணத்துக்கு என் வரிசை: முதலில் மட்ட அளவு. அடுத்து கைப்பம்புகளைச் சரிசெய்வதும், தொட்டி மோட்டாரில் ஜெனரேட்டர் இணைக்க ஒரு சுவிட்ச் வைப்பதும். ஜெனரேட்டரையே வாங்க வேண்டாம், பராமரிப்பில்லாமல் துருப்பிடிக்கும், வாடகைக்குத் தருபவரோடு முன்பேச்சு போதும். மூன்றாவது, கூரைகளைக் கட்டி இறுக்குவதற்குக் கயிறும் கம்பியும், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கொக்கி போல்ட்டும்; இதை ஒரு கட்டட வல்லுநரைக் கேட்டுச் செய்யுங்கள். வடிகால் உங்கள் பணத்தில் முடியாது. அது அரசு வேலை, ஆனால் எந்த இடத்தில் எத்தனை செ.மீ. தூர் என்று அளவோடு கேட்கும் ஊருக்கும் "வாய்க்கால் தூர்வார வேண்டும்" என்று மனு கொடுக்கும் ஊருக்கும் பதில் வேறு மாதிரி வரும். விதையில் ஒரு சின்ன விஷயம்: பள்ளத்து வயலுக்குச் சி.ஆர். 1009 சப்-1 போன்ற, இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பிழைக்கக்கூடிய ரகத்தை வேளாண் அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். அது இளம்பயிருக்குத்தான்; கதிர் வந்த பிறகு மூழ்கினால் எந்த ரகமும் தப்பாது.

படிவத்துக்கு வருவோம். ஒரே மதிப்பெண் கேட்டால் மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள்: உயிருக்கு ஆபத்து, வீட்டுக்கும் தோப்புக்கும் ஆபத்து, வருட வருமானத்துக்கு ஆபத்து. என் ஊகத்தில் முதலாவதற்குப் புயல் அலையும் சுனாமியும், இரண்டாவதற்குப் புயல் காற்று, மூன்றாவதற்கு வடியாத தண்ணீரும் வறட்சியும் தலையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "அளந்தது", "ஊரார் சொன்னது", "ஊகம்" என்று ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றால் ஓரத்தில் எழுதுங்கள்.

2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் மாவட்ட ஆணையம் இருக்கிறது, அது போடும் மாவட்டத் திட்டத்தில் தாழ்வான பகுதிகளை நான்கு தரமாகப் பிரித்துப் பட்டியலிடுவார்கள். உங்கள் ஊர் அதில் எந்தத் தரத்தில், எந்தத் தெருவின் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் அளவுகள் வேறு மாதிரி சொன்னால் கிராம சபைத் தீர்மானத்தோடு சேர்த்துத் தாசில்தாரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மட்டம் எடுக்கும் வேலையைச் சித்திரை வைகாசியில் வைத்துக்கொள்வது நல்லது, அப்போதுதான் வாய்க்கால் காய்ந்து மதகின் அடிக்கல் கண்ணுக்குத் தெரியும். மாவட்டத்தில் பருவமழை ஆயத்தக் கூட்டங்கள் வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் நடக்கும். தீர்மானம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.